சாயத்துக்குப் போய்த் திரும்பும் துணி ரோலுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. சரிவருமா, பார்கோடு போதுமா?

துணிக்கிடங்கு கேட்டது:

வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என்னோடு நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கேள்வி நீளமாக இருக்கிறது. சுருக்கிப் பார்த்தேன், விஷயம் விட்டுப்போகிறது.

எந்த நாளில் எண்ணினாலும் எங்களிடம் 600 முதல் 900 ரோல் துணி இருக்கும். நூலை வாங்கி வெளியே நிட்டிங்குக்குக் கொடுக்கிறோம். பின்னி முடித்த கிரே துணி (இன்னும் சாயம் போடாத துணி) எங்களிடம் வந்து, எடை போட்டபின் சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயமும் காம்பாக்டிங்கும் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தும் வேலை) முடிந்து திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டு, சரிபார்த்து, கட்டிங்குக்கு இறக்குகிறோம். ஒவ்வொரு முறை வாசலைத் தாண்டும்போதும் ஒருவர் ரோல் எண்ணையும் எடையையும் நோட்டில் எழுதுகிறார். மாலையில் இன்னொருவர் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார்.

மார்ச் மாதம் ஒரு நேவி புளூ ஆர்டரில் அடி விழுந்தது. ஒரே நிறம், இரண்டு லாட், அதாவது இரண்டு தடவையாகச் சாயம் போட்ட தொகுதிகள். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வைத்தால்தான் ஒன்று சற்றுச் சிவப்புச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாவது லாட்டின் மூன்று ரோல்கள் முதல் லாட்டோடு கட்டிங்குக்குப் போய்விட்டன. உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று 340 டி-ஷர்ட்டுகள் செக்கிங்கில் பிடிபட்டன. அன்று இரவு பதினொரு மணி வரை நோட்டுகளைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். லாட் எண்ணில் 7 என்று எழுதியதை மாலையில் ஏற்றியவர் 1 என்று படித்திருக்கிறார். எழுதியவர் மேலும் தவறில்லை, ஏற்றியவர் மேலும் தவறில்லை. லாரி வாசலில் நிற்கும்போது முட்டியில் நோட்டை வைத்து எழுதினால் எல்லோருடைய 7-ம் அப்படித்தான் இருக்கும்.

இந்த நேரத்தில் எங்கள் முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போய்வந்து ஆர்.எஃப்.ஐ.டி. போடலாம் என்கிறார். ரோலில் ஒட்டிய சின்ன டேக்கின் எண்ணை ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் முறை அது. கொட்டேஷனும் வந்துவிட்டது: வாசலில் நான்கு ஆன்டெனா வைத்த கேட், இரண்டு கையடக்க ரீடர், டேக், மென்பொருள் எல்லாம் சேர்த்து பதினான்கரை லட்சம். ரோல் வாசலைத் தாண்டினாலே கணக்கில் ஏறிவிடும், எழுத ஆள் வேண்டாம் என்று விற்க வந்தவர் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது என் ஆட்கள் இருவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அதிலிருந்து அவர்கள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். டேக் ஒட்டிய ரோல் சாயத்துக்குப் போனால் டேக் பிழைக்குமா? ஈரத்துணியில் படிக்குமா? பார்கோடே போதும் என்றால், அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

---

அலைவரிசை பதில்:

கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகளாக ரீடர், ஆன்டெனா பொருத்தும் வேலை செய்கிறேன். விற்பனைப் பக்கம் இல்லை, ஏணியில் ஏறும் பக்கம். அதனால் கருவி என்ன செய்யும், எங்கே கைவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்குக் காட்டிய டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதே அலையைத் தன் எண்ணுக்கு ஏற்ப மாற்றித் திருப்பி அனுப்புகிறது. இந்தியாவில் இதற்கென 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை 2005-ல் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். உலர்ந்த பருத்தி இந்த அலைக்குக் கண்ணாடி மாதிரி, தடையே இல்லை. தண்ணீர் அலையை விழுங்கிவிடும். இரும்பு அதைத் திருப்பி அடிக்கும். பிழிந்து வந்த ஈரத்துணிக்குள் இருக்கும் டேக்கை ஒரு கை தூரத்திலிருந்துகூட நம்பிப் படிக்க முடியாது.

சாயத்தொட்டியில் பிழைக்கும் டேக் உண்டா என்றால் உண்டு. ஓட்டல் படுக்கை விரிப்புகளில் தைக்கும் சலவை டேக்குகள் வெந்நீரையும் அழுத்தத்தையும் நூற்றுக்கணக்கான தடவை தாங்கும். ஆனால் அவற்றையும் உலர்ந்த பிறகுதான் படிக்கிறார்கள். விலையும் சாதாரண காகித டேக்கைப் போலப் பல மடங்கு.

கேட் பற்றி ஒன்று. சுங்கச்சாவடியில் பாஸ்டேக் வேலை செய்வதைப் பார்த்து எல்லோரும் வாசலிலும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். தொழில்நுட்பம் ஒரே குடும்பம்தான். ஆனால் அங்கே ஒரு வண்டி, ஒரு டேக், கண்ணாடியில் ஆன்டெனாவைப் பார்த்தபடி வரிசையில் வருகிறது. உங்கள் தள்ளுவண்டியில் இருபது ரோல், டேக் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாது, வண்டியே இரும்பு. நடுவில் மாட்டிய இரண்டைப் படிக்காமல் விடும். வாசலுக்கு உள்ளே சுவரோரம் சும்மா அடுக்கிய ரோலை, வெளியே போனதாகப் படித்துவைக்கும். எனக்கு இரண்டாவதுதான் பயம். விடுபட்டால் எண்ணிக்கை குறைந்து உடனே தெரிந்துவிடும். போகாத ரோல் போனதாகப் பதிவானால் அடுத்த கணக்கெடுப்பு வரை யாருக்கும் தெரியாது. ஆன்டெனாவின் சக்தியைக் குறைத்து, பக்கத்தில் தடுப்பு வைத்து, எந்த ஆன்டெனா முதலில் பார்த்தது என்பதை வைத்துத் திசை கண்டுபிடித்து இதைச் சரிசெய்யலாம். சரிசெய்ய நாள் ஆகும். கொட்டேஷனில் அந்த நாட்கள் எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ரீடரைத் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். பல கருவிகள் அமெரிக்காவின் 902 முதல் 928 பட்டைக்குச் செய்தவை. இங்கே அந்தப் பட்டையின் ஒரு பகுதி கைப்பேசிகளுக்கு உரியது.

2003-ல் வால்மார்ட் தன் 100 பெரிய சப்ளையர்களிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் டேக் இருக்க வேண்டும் என்றது. தண்ணீர் பாட்டிலிலும் தகர டப்பாவிலும் அது திணறியது. பின்னாளில் அது வேரூன்றியது துணிக்கடையில்தான், உலர்ந்த ஆடை ஒவ்வொன்றிலும் ஒரு டேக் என்று. உங்கள் தொழிலில் இதற்கு இடம் உண்டு. எந்த இடம் என்பதுதான் கேள்வி.

---

பழைய சலான் பதில்:

அம்மணி, 31 ஆண்டுகளாக ஸ்டோர் வேலை. முதலில் ஒரு நூற்பாலை, பிறகு இரண்டு பின்னலாடை நிறுவனங்கள். மேலே தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் டேக் சாயத்தில் பிழைக்குமா என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றை யோசியுங்கள். ரோலே பிழைப்பதில்லை.

பட்டறைக்குள் போய் ஒரு முழு நாள் நின்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய ரோல்களைப் பிரித்து, ஒன்றின் முனையோடு இன்னொன்றைத் தைத்து, நீளக் கயிறாக்கி சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் விடுவார்கள். சாயம் முடிந்து, பிழிந்து, உலர்த்தி, காம்பாக்டிங்கில் ஓட்டி, மறுபடி சுற்றும்போது தையலில் வெட்டுவதும் உண்டு, ஆளுக்குத் தூக்க வாகான எடையில் வெட்டுவதும் உண்டு. 12 ரோல் அனுப்பி 13 வாங்கியிருப்பீர்கள். எடையும் குறைந்திருக்கும். அப்படியானால் 4-ம் எண் ரோல் எங்கே? அது லாட்டுக்குள் கரைந்துவிட்டது. கிரே துணியின் ஓரத்தில் அழியாத மையில் எழுதும் எண் சில சமயம் தப்பி வரும். வந்தால் நல்லது. ஆனால் அதை நம்பி ஒரு கணக்கு முறையை நிறுத்தக் கூடாது.

இதை நான் 2011-ல் பாடம் படித்தேன். சாயக்கழிவு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து பட்டறைகள் மூடிய ஆண்டு அது. அதுவரை கூப்பிடு தூரத்துப் பட்டறைக்குத் துணி போகும், சந்தேகம் வந்தால் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். திடீரென்று துணி வெளி மாவட்டங்களுக்குப் போனது. நாங்கள் போட்ட ரோல் எண்ணோடு வந்த ரோல்களைப் பொருத்த முடியாமல் இரண்டு வாரம் தவித்தோம். அப்போதுதான் எங்கள் நோட்டே தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

ஆகவே இரண்டு பிறப்பு வையுங்கள். நிட்டிங்கிலிருந்து வரும்போது கிரே ரோலுக்கு ஓர் எண். அதில் எந்த மெஷின், எந்த நூல் லாட், என்ன டயா (குழாயாகப் பின்னும் துணியின் விட்டம்) என்பது அடங்கும். ஊசி கோடு விழுந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய இது வேண்டும். பட்டறைக்கு அனுப்பும்போது அந்த எண்களையெல்லாம் ஒரு சாய லாட் எண்ணின் கீழ் கட்டிவிடுங்கள். அங்கே அந்தப் பன்னிரண்டின் கதை முடிந்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு ரோலுக்கும் புது எண், புது ஸ்டிக்கர், தலையில் சாய லாட் எண். நிறம் லாட்டுக்கு உரியது. உங்கள் 340 உருப்படியைக் கெடுத்தது ரோல் எண் அல்ல, லாட் எண். இப்படி அமைத்தால் டேக் கொதிநீரில் குளிக்க வேண்டிய அவசியமே வராது.

இதற்குப் பார்கோடு போதும். கோடு போட்டதைவிடக் கியூஆர் நல்லது. ஜப்பானில் டென்சோ நிறுவனம் 1994-ல் அதை உருவாக்கியதே வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்காகத்தான். எண்ணெயும் அழுக்கும் பட்ட சீட்டும் படிக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. அதிகப் பாதுகாப்போடு அச்சிட்டால் ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். பஞ்சுத் தூசி பறக்கிற உங்கள் கிடங்குக்கு அது வேண்டும்.

ஸ்டிக்கரின் பாதி இடத்தை மனிதக் கண்ணுக்குக் கொடுங்கள். லாட் எண்ணைக் கட்டை விரல் உயரத்துக்கு அச்சிடுங்கள். ஸ்கேனர் கெட்டுப்போன நாளிலும் கட்டிங் மாஸ்டர் பத்தடியில் நின்று படிக்க வேண்டும். சூட்டில் கறுக்கும் தாளில் அச்சிட்டுவிடாதீர்கள். தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை தாண்டினால் எண் தெரியாது. ரிப்பன் போட்டு அச்சிடும் பிரிண்டர் வாங்குங்கள். இன்னொன்று: பாலிதீன் உறையில் மட்டும் ஒட்டினால், கட்டிங்கில் உறையைக் கிழித்த நொடியில் ரோல் அநாதை. உறையில் ஒன்று, துணி முனையில் கட்டிய அட்டையில் ஒன்று. பாதி வெட்டி மீதி திரும்பி வந்தால் பழைய எண்ணில் சேர்க்காதீர்கள். எடை போட்டு, அதே லாட்டில் புது எண் கொடுங்கள்.

எடை பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஈரோட்டுப் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்த்தபோது, 80 ரோலில் 31 கிலோ குறைகிறது என்று ஓர் உதவியாளர் மேல் திருட்டுப் பழி விழுந்தது. அவர் மழைக்காலத்தில் வாங்கி வைத்ததை நாங்கள் பங்குனி வெயிலில் எடை போட்டிருந்தோம். பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். முழுக்க உலர்ந்த 100 கிலோ பருத்தி சாதாரணக் காற்றில் 8.5 கிலோ வரை ஈரம் பிடித்து நிற்கும் என்பதுதான் வியாபாரத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கு. 80 ரோலில் 31 கிலோ என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. இதை நான் தெரிந்துகொள்வதற்குள் அந்த மனிதர் வேலையை விட்டுப் போய்விட்டார். போய்த் தேடினேன், ஊர் மாறிவிட்டார் என்றார்கள். ஆகவே எடையைப் பதியும்போது எந்தத் தராசு, எந்தத் தேதி என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். எந்த ஸ்கேனரும் துணியின் ஈரத்தைச் சொல்லாது.

---

துணிக்கிடங்கு எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நேற்று பட்டறைக்குப் போய் நின்றேன். நீங்கள் சொன்னபடிதான். எங்கள் 18 ரோல் ஒரே கயிறாகத் தொட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளாக அந்தக் கயிற்றுக்கு ரோல் எண் கேட்டுப் பட்டறைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு சந்தேகம். இதைத் தொடங்க மென்பொருள் வாங்க வேண்டுமா? என் ஆட்கள் ஸ்கேன் செய்வார்களா? நோட்டில் எழுதுவது அவர்களுக்குப் பழகிவிட்டது. அது மட்டுமல்ல, எண்ணைக் கருவி பிடித்துக்கொண்டால் நாளை நம்மை எதற்கு வைத்திருப்பார்கள் என்று ஒருவர் நேராகவே கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

ஆறாவது லைன் பதில்:

நான் தையல் பகுதியில் உற்பத்திக் கணக்குப் பார்க்கிறவள். சகோதரி, ஆட்கள் ஸ்கேன் செய்வார்களா என்ற கேள்விக்கு என் அனுபவம் இது.

எங்கள் லைனில் ஒவ்வொரு பண்டிலோடும் (வெட்டிய பாகங்களின் கட்டு) ஒரு கார்டு போகிறது. அதுவும் ஆர்.எஃப்.ஐ.டி.தான், ஆனால் 13.56 மெகாஹெர்ட்ஸ். கருவியில் தொடுகிற தூரத்தில் வைத்தால்தான் படிக்கும். பக்கத்து மேசைக் கார்டை இது தவறிக்கூடப் படிக்காது. அந்தக் குறுகிய தூரம்தான் இதன் பலம். முதல் மாதம் பாதிப் பேர் கார்டைத் தட்டவே இல்லை. மேற்பார்வையாளர் சத்தம் போட்டார், அபராதம் என்றார், எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒன்றே ஒன்றை மாற்றினோம். கார்டைத் தட்டியதும் அன்று அவர் முடித்த உருப்படி எத்தனை, கூலி எவ்வளவு என்று அவர் கண்ணெதிரே திரையில் வரச் செய்தோம். பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்கள் அதுவரை வாரக் கடைசியில்தான் தங்கள் கணக்கைப் பார்த்தார்கள். பாதிச் சண்டை அங்கேதான் வரும். இப்போது ஒரு கார்டு விடுபட்டால் அவர்களே கூப்பிட்டுச் சொல்கிறார்கள். ஆனாலும் காகித பண்டில் சீட்டை நாங்கள் ஐந்து மாதம் நிறுத்தவில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறது என்று அவர்களே சொன்ன பிறகுதான் நிறுத்தினோம்.

உங்கள் ஆட்களுக்கு அந்த ஆதாயம் எது என்று யோசியுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நோட்டுப் புரட்டிப் பழி தேடுவது நின்றுபோகும் என்றால் அதுவே பெரியது. தங்கள் கையெழுத்தால் 340 உருப்படி போனது என்ற எண்ணத்தோடு அந்த இருவரும் இப்போது வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

லாட் கலப்புக்கு ஒரு சின்ன ஏற்பாடும் சொல்கிறேன். கட்டிங்கில் விரித்த அடுக்குக்கு அடுக்கு ஒவ்வொரு பாகத்திலும் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கரை எங்களில் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். அதை விடாமல் ஒட்டினால், உடம்பும் கையும் ஒரே அடுக்கிலிருந்து வந்ததா என்று தைக்கிறவர் பார்த்துவிடுவார். கிடங்கில் தப்பியது லைனில் நிற்கும்.

உங்கள் முதலாளிக்கு ஆர்.எஃப்.ஐ.டி. மேல் ஆசை என்றால் பேக்கிங்கைக் காட்டுங்கள். டெக்கத்லான், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் போன்ற கடைகளுக்குப் போகும் ஆடைகளில் டேக் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிப்பட்ட ஆர்டர் உங்களிடம் இருந்தால், மூடிய பெட்டியைத் திறக்காமலே உள்ளே 40 உருப்படி இருக்கிறதா, மீடியம் எத்தனை, லார்ஜ் எத்தனை என்று ஒரு நொடியில் படித்துவிடலாம். துணி உலர்ந்தது, பெட்டி அட்டை, எல்லாம் சாதகம். எங்களிடம் அளவு மாறிப் போன பெட்டிகளுக்குக் கழித்த பணத்தை எண்ணினால் அந்த ரீடரின் விலை வந்துவிடும்.

---

பழைய சலான் பதில்:

அம்மணி, மென்பொருளை இப்போது வாங்காதீர்கள். சாதாரண ஸ்கேனர் என்பது கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான். படித்த எண்ணைத் தட்டச்சு செய்து அடுத்த வரிக்குப் போகும். ஒரு ஸ்டிக்கர் பிரிண்டர், இரண்டு ஸ்கேனர், எக்செல், இவ்வளவோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு மென்பொருள்காரரைக் கூப்பிட்டால், அவர் விற்பதை நீங்கள் வாங்க மாட்டீர்கள், நீங்கள் கேட்பதை அவர் செய்வார்.

ஸ்கேன் எங்கே நடக்க வேண்டும் என்பதைக் கணினி இருக்கும் மேசை தீர்மானிக்கக் கூடாது. ரோலைத் தூக்கித் தராசில் வைக்கிறார்கள் அல்லவா, கை அங்கே எப்படியும் நிற்கிறது. ஸ்கேனரை அங்கே தொங்கவிடுங்கள். தனியாக நடந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை மூன்றாம் நாள் நின்றுவிடும்.

வேலை போய்விடுமா என்று கேட்டவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். எழுதுகிற நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் அவர் விளக்குப் பெட்டியில் ஒவ்வொரு லாட்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இப்போது உங்கள் கிடங்கில் அதைச் செய்ய யாருக்கும் நேரம் இல்லை. இருந்திருந்தால் மார்ச் மாதத்துத் தவறு உங்கள் வாசலிலேயே பிடிபட்டிருக்கும். இதை முதலாளியிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அந்த இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

---

அலைவரிசை பதில்:

கேட் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் ஒரு சோதனை கேட்டு வாங்குங்கள். விற்பவர் கருவியை உங்கள் வாசலுக்கே கொண்டுவரட்டும். உங்கள் ரோல், உங்கள் இரும்பு வண்டி, உங்கள் சுவரோரக் குவியல். மூன்று நாள், 200 தடவை வண்டி தாண்டட்டும். கையால் எண்ணியதையும் கருவி எண்ணியதையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். விடுபட்டதைத் தனியாக, போகாமல் பதிவானதைத் தனியாக. சம்மதிக்காதவரிடம் வாங்கவே கூடாது.

---

துணிக்கிடங்கு எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். உதவியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதலாளி பேக்கிங்குக்கு மட்டும் ரீடர் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அது அடுத்த சீசனுக்கு. கேட் சோதனை ஒன்றரை நாளில் நின்றது. சுவரோரம் இருந்த ஏழு ரோல்களை அது திரும்பத் திரும்ப வெளியே அனுப்பியது. கொண்டுவந்த பையன் நல்ல பையன், ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். வாசலுக்கும் குவியலுக்கும் நடுவே எங்களிடம் இடமே இல்லை.

கியூஆர் ஸ்டிக்கர் ஐந்து வாரமாக ஓடுகிறது. சாய லாட் எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறோம். பிரிண்டர் வந்த அன்று எங்கள் சாலையில் மின்தடை, அன்று மட்டும் நோட்டுக்குத் திரும்பினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை முழு இருப்பையும் எண்ணினோம். 742 ரோல். கணினியில் 745. முன்பெல்லாம் 40, 50 வித்தியாசம் வரும், பெருமூச்சு விட்டுவிட்டுத் திருத்தி எழுதுவோம். இந்த மூன்றை விட யாருக்கும் மனம் வரவில்லை. வேலை போய்விடுமா என்று கேட்டவர்தான் கடைசி வரை தேடினார். இரண்டு, கட்டிங் மேசைக்கு அடியில் உறை கிழிந்து கிடந்தன. முனையில் கட்டிய அட்டை இருந்ததால் தெரிந்தது. மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. 23.6 கிலோ, ஆலிவ் பச்சை. நாளை பட்டறைக்குப் போய்க் கேட்கப் போகிறேன், இந்தத் தடவை லாட் எண்ணோடு.